காலி டேங்குக்கு ஒரு நீல மணி

“பேரைச் சொல்லு!” என்று கத்தினேன்.

என் கை தெர்மாகோல் பெட்டிக்கு மேல் இருந்தது. பெட்டிக்குள் திரவ நைட்ரஜன் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. இடுக்கி நுனியில் தீக்குச்சியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் குச்சி. குச்சியின் முனையில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் மைசூனின் கடைசிக் கரு.

“பாசில்! தூங்குறியா? பேரு!”

எதிரில் நின்ற பாசில் திடுக்கிட்டு வாசித்தான். “மைசூன். தகப்பன் பேர் அதீப். பாட்டன் பேர் சுலைமான். குடும்பப் பேர் அல்-ரிமாவி.”

“மைசூன், அதீப், சுலைமான், அல்-ரிமாவி” என்று நானும் வாசித்தேன். நான்கும் பொருந்தின.

இது எங்கள் செயற்கைக் கருத்தரிப்பு லேப்பின் சட்டம். அம்மான் நகரத்தில் மைசூன் என்று கூப்பிட்டால் நூறு பேர் திரும்புவார்கள். அதனால் நான்கு பெயர், இரண்டு குரல். குச்சி நைட்ரஜன் டேங்கைவிட்டு வெளியே வந்தாலும் சரி, ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்குக்கு இடம் மாறினாலும் சரி, இரண்டு பேர் நின்று உரக்கப் படித்தாக வேண்டும். படிக்காமல் முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. சட்டத்தைப் போட்டதே முதலாளி டாக்டர் ரவூஃப்தான்.

இடுக்கியைத் தூக்கினேன். ஒரே வீச்சு. குச்சியின் முனை வெதுவெதுப்பான திரவத்துக்குள் இறங்கியது. மைனஸ் இருநூறை ஒட்டிய குளிரிலிருந்து உடம்புச் சூட்டுக்கு, கண் இமைக்கும் நேரத்தில். இதில் கை நடுங்குகிறவள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். பதினோரு வருடத்தில் என் கை நடுங்கியதில்லை.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கரு சுருங்கிக் கிடந்தது. அது வழக்கம்தான். அடுத்த கிண்ணம், அதற்கடுத்த கிண்ணம் என்று மாற்ற மாற்ற, அது தண்ணீர் குடித்த கொண்டைக்கடலை மாதிரி உப்ப வேண்டும்.

உப்பவில்லை. ஓரத்திலிருந்து கருக்க ஆரம்பித்தது. பிறகு நடுவிலும். என் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு செல்லாக உடைந்து, கசக்கிப் போட்ட காகிதம்போல ஆனது.

“என்ன?” என்றான் பாசில்.

நான் நகர்ந்து இடம் விட்டேன். அவனே குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தமில்லை. நாள் முழுக்க நக்கலடிக்கிறவன், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்து வந்ததிலிருந்தே ஒரு ஜோக்கும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்று இரண்டு கருக்கள் இதே மாதிரி போயின. இரண்டும் முதலிலிருந்தே சுமாரானவை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இது அப்படி இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால், புற்றுநோய் மருந்து ஏறுவதற்கு முன், அவசர அவசரமாக முட்டை எடுத்து உருவாக்கிய கரு. நானே பார்த்துப் பார்த்து வைத்தது. முத்து மாதிரி இருந்தது. அந்த மருந்துக்குப் பிறகு மைசூனின் உடம்பில் ஒரு முட்டைகூட மிச்சமில்லை. இனி ஒன்று செய்ய வழியே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ரவூஃப் வந்தார். வெள்ளிநிற முடி, இஸ்திரி கலையாத கோட்டு, டி.வி. பேட்டிக்குப் போகிற மாதிரி மெல்லிய அத்தர் வாசனை.

“ரெடியா? பொண்ணு உள்ள படுத்திருக்கு. குடிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் நிக்குதுன்னு சத்தம் போடுது.”

கருவைக் கருப்பையில் வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். மைசூன் காலையிலிருந்து தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“கரு போயிருச்சு டாக்டர்.”

அவர் மைக்ரோஸ்கோப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். பதினோரு வருடத்தில் அவர் பார்க்காமல் நம்பிய முதல் கெட்ட செய்தி அதுதான்.

“உன் கைக்கு என்ன ஆச்சு, ருதைனா? நேத்து ரெண்டு, இன்னைக்கு ஒண்ணு. வீட்ல ஏதாவது பிரச்சனையா?”

“என் கைக்கு ஒண்ணும் ஆகல.”

“சரி விடு. நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காத.”

அவர் போனார். பின்னாலேயே போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் லேப்பில் ‘உறைய வைத்தோம்’ என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னவர் அன்றைக்கு எல்லோருக்கும் ஃபலாஃபில் வடை வாங்கித் தர வேண்டும். அதுவும் டாக்டர் ரவூஃப் போட்ட சட்டம்தான். எங்கள் அரபியில் அதற்கென்று ஒரு சொல் உண்டு. தஸ்ஜீஜ். கண்ணாடியாக்குதல். உறைந்தால் தண்ணீர் பனிக்கட்டியாகும்; பனிக்கட்டிக்கு ஊசி ஊசியாக முள் இருக்கும்; அந்த முள் உயிரைக் குத்திக் கிழிக்கும். அதனால் பனிக்கட்டியாவதற்கு நேரமே கொடுக்காமல், திரவம் நின்ற நிலையிலேயே கண்ணாடியாக இறுகும்படி, அத்தனை வேகத்தில் குளிர வைக்கிறோம். அந்தக் கண்ணாடி ஆயிரம் வருடம் இருக்கும். ஒரே நிபந்தனை, சூடு அதைத் தொடக்கூடாது. மைனஸ் நூற்று முப்பதைத் தாண்டிச் சூடேறினாலே கண்ணாடி கலங்கி உள்ளே முள் முளைக்க ஆரம்பிக்கும். மறுபடி நைட்ரஜன் ஊற்றி எவ்வளவு குளிர வைத்தாலும் அந்த முள் போகாது. வெளியே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. உயிர் இருக்காது, அவ்வளவுதான்.

டி.வி.யில் டாக்டர் ரவூஃப் இதை இன்னும் அழகாகச் சொல்வார். “உறையிறதுன்னு சொல்லாதீங்கம்மா. இது கண்ணாடி. அல்லா நாடினா அப்படியே எழுந்து வரும்” என்பார்.

அதே டாக்டர் ரவூஃப் அறைக்குள் நுழைந்து மைசூனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“மனச திடப்படுத்திக்கோம்மா. உறைய வெச்ச பொருள்ல இதெல்லாம் நடக்கும். இறைச்சி மாதிரிதான். உன்னோட கரு முதல்லருந்தே பலவீனம்.”

நான் கதவோரம் நின்றேன். உறைய வைத்த பொருள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அந்தச் சொல்லைச் சொன்னதற்காக ஒரு பயிற்சிப் பெண்ணை அழவைத்த மனிதர் இவர். உண்மையை மறைக்க வேண்டிய நேரம் வந்ததும் தேடிப் பிடித்தது அந்தச் சொல்லைத்தான்.

மைசூன் அழவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் ஸர்க்காவில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பிரிவு எஞ்சினியர். முகம் கழுவும் தொட்டிகளுக்கு மேல்பூச்சுக் கண்ணாடி ஏற்றுகிற வேலை.

“பலவீனமா? அன்னைக்கு ‘முத்து மாதிரி’ன்னு சொன்னீங்களே டாக்டர்?”

“முத்துக்கும் ஆயுசு உண்டும்மா.”

நான் திரும்பி நேராக டேங்க் அறைக்குப் போனேன்.

மூன்று டேங்குகள். ஆளுயரத்தில் பாதி, வயிறு பெருத்த அலுமினிய ஜாடிகள். ஒன்றாம் எண், இரண்டாம் எண், போன மாதம் வந்து இன்னும் ‘சோதனையில் இருக்கிற’ மூன்றாம் எண். மைசூனின் கரு இரண்டாம் எண்ணில் இருந்தது. நேற்றுப் போன இரண்டும் அதே டேங்க்தான்.

இரண்டாம் டேங்கின் மூடியைத் தூக்கினேன். புகை வழிந்தது. நைட்ரஜன் கழுத்து வரை இருந்தது. ஒரு குறையும் இல்லை. பெருநாள் லீவில் டேங்குகளைத் தானே பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். “போங்க, போய் ஆட்ட அறுத்து சாப்பிடுங்க. அலாரம் என் போனுக்கு வரட்டும்” என்று எல்லோரையும் பெரிய மனதோடு அனுப்பியும் வைத்தார்.

கையுறையை மாட்டி, டேங்குக்குள் அடிவரை தொங்கும் ஒரு சங்கிலியை இழுத்தேன். என் நீல மணி.

கண் வரைந்த இந்தக் கண்ணாடி மணியை வைத்து லேப்பில் என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. கண்ணேறு படாமல் இருக்கக் குழந்தைக்குக் கட்டுவோம், காருக்குக் கட்டுவோம், புது வீட்டு வாசலில் மாட்டுவோம். நான் டேங்குக்குள் போட்டேன். “டாக்டர் பட்டம் வாங்கியும் உன் புத்தி போகல. நைட்ரஜனுக்கு எவ கண்ணு வெக்கப் போறா?” என்று பாசில் ஒரு வருடம் சிரித்தான். டாக்டர் ரவூஃபும் சிரித்தார். ஆனால் எடு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கண்ணேறு மணியைக் கழற்றும் தைரியம் விஞ்ஞானிக்கும் கிடையாது. அதற்காகத்தான் மணியைத் தேர்ந்தெடுத்தேன்.

மணி ஒரு சின்னக் குப்பியில் இருக்கிறது. குப்பியில் பாதிக்கு ஸ்பிரிட். டேங்குக்குள் அது கல்லாக இறுகிவிடும். இறுகிய பிறகு, அதன் மேல் மணியை வைத்து மூடியிருந்தேன். டேங்க் ஒழுங்காக இருக்கும்வரை மணி மேலேயே உட்கார்ந்திருக்கும். டேங்க் மைனஸ் நூற்றிப் பதினான்குக்குச் சூடேறினால் ஸ்பிரிட் இளகும், மணி மூழ்கும். பிறகு யார் எவ்வளவு நைட்ரஜன் ஊற்றினாலும் மணி மேலே வராது. கருவுக்கு நேர்ந்தது வெளியே தெரியாது. மணிக்கு நேர்ந்தது தெரியும்.

மாதம் ஒரு முறை டேங்கைத் துடைக்கும் நாளில்தான் அதை எடுத்துப் பார்ப்பேன். அந்த நாள் இன்னும் வரவில்லை.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்தேன்.

மணி அடியில் கிடந்தது. வெள்ளைக் கட்டிக்குள் அகப்பட்ட ஒற்றைக் கண்போல, கீழேயிருந்து என்னைப் பார்த்தது.

பெருநாள் லீவில் இந்த டேங்க் வறண்டிருக்கிறது. யாரோ வந்து, பார்த்து, சத்தமில்லாமல் ரொப்பிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே மைசூன் மட்டுமா இருந்தாள்? இந்த டேங்கில் பெயர் எழுதி, தேதிக்காகக் காத்திருக்கிற எத்தனையோ பெண்கள். ஒவ்வொருத்தியும் வரவர, ‘உன்னோட கரு பலவீனம்’ என்று ஒவ்வொருத்தியின் தலையிலும் பழியைக் கட்டப்போகிறார்கள். ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் தலைகுனிந்து நிற்கப்போகிறாள்.

குப்பியோடு திரும்பினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

மூன்றாம் டேங்கின் கைப்பிடியில் ஒரு நீல மணி தொங்கியது. புதியது. பட்டு நூலில், தங்க முடிச்சோடு.

அது நான் கட்டியது இல்லை. சோதனையில் இருக்கிற காலி டேங்குக்கு எதற்குக் கண்ணேறு மணி?

“அங்க என்ன பண்ற?” வாசலில் டாக்டர் ரவூஃப். அவருக்குப் பின்னால் பாசில்.

குப்பியை நீட்டினேன். என்னவென்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

“பைத்தியமா உனக்கு? அனுமதி இல்லாம டேங்குக்குள்ள ஸ்பிரிட் வெச்சிருக்க. இதுக்கே உன்னை வெளிய அனுப்பலாம். மணி விழுந்துச்சாம், டேங்க் சூடாச்சாம்! நீ வெச்சப்பவே அது இறுகாம இருந்திருக்கும்.”

“போன மாசம் மேலதான் இருந்துச்சு.”

“யாரு பாத்தா? ரெண்டாவது குரல் இருக்கா?”

அவர் போட்ட சட்டத்தையே என் கழுத்தில் மாட்டி இறுக்கினார்.

“அப்ப நான் ரெண்டாவது குரல்” என்றது ஒரு பெண் குரல்.

மைசூன். ஆஸ்பத்திரி கவுன், வெறுங்கால், ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் கணவன் வாஸிஃப் பின்னாலேயே செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். “மைசூன், முதல்ல பாத்ரூம் போ, அப்புறம் சண்ட போடலாம்” என்று கெஞ்சினான்.

“ஒரு பேச்சு முடிச்சுட்டுப் போறேன். இவ்வளவு நேரம் தாங்கினது இன்னும் கொஞ்சம் தாங்கும்.” குப்பியை என்னிடமிருந்து வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “டாக்டரம்மா, இதே மாதிரி நாங்களும் சூளைக்குள்ள வெப்போம். ஒவ்வொரு அடுக்கிலயும் சின்னச் சின்னக் கூம்பு. சூடு ஏறினா வளையும். சூளைக்காரன் என்ன பொய் சொன்னாலும் கூம்பு சொல்லாது. எங்ககிட்டயும் இதே சொல்தான், தஸ்ஜீஜ். கண்ணாடி ஏறும்போது சூளை கெட்டுச்சுன்னா சரக்கு முழுக்க வெடிக்கும். நாங்க மண்ணைக் குத்தம் சொல்ல மாட்டோம் டாக்டர். சூளையப் பாத்தவன் எவன்னுதான் கேப்போம்.”

“அம்மா, உணர்ச்சிவசப்படாத. உனக்கு இன்னொரு முறை இலவசமா செஞ்சு தரேன். ஒரு காசு வேண்டாம்.”

“எந்த முட்டைய வெச்சு?”

டாக்டர் தன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சொல்லுங்க. எந்த முட்டைய வெச்சு? எங்கிட்ட இல்ல. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லருந்து கோழி முட்டை எடுத்துட்டு வருவீங்களா? அஞ்சு வருஷம் அந்த மருந்து குடல வாந்தியெடுக்க வெச்சுச்சு. ஒவ்வொரு ஊசிக்கும், ‘அம்மான்ல கண்ணாடிக்குள்ள ஒண்ணு இருக்குடி, பொறுத்துக்கோ’ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அத செத்த இறைச்சின்னு சொன்ன பாரு நீ...” மரியாதை அறுந்தது. “பலவீனம் எதுன்னு இப்ப நான் சொல்லட்டுமா?”

வாஸிஃப் செருப்பைக் கீழே போட்டான். அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்தவன், போய்க் கதவை உள்ளே தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். “பேசி முடிக்கட்டும் டாக்டர். நீங்க எங்க போகப்போறீங்க?”

“டேங்க் கெடவே இல்ல!” என்று முதல் முறையாகக் குரல் உயர்த்தினார் ரவூஃப். “கெட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அலாரம் எனக்குத்தான் வரும். தெரிஞ்சிருந்தா மூணாவது டேங்க் காலியா நிக்குதே, எல்லாத்தையும் அதுக்கு மாத்தியிருக்க மாட்டேனா? நான் என்ன மிருகமா?”

“காலியா டாக்டர்?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மூன்றாம் டேங்கைப் பார்த்தேன். அதில் தொங்கிய தங்க முடிச்சைப் பார்த்தேன். அவர் பார்வையும் அங்கே போயிற்று. அப்போதுதான் அவர் முகத்தில் முதல் சுருக்கம் விழுந்தது.

அவர் கை நீட்டுவதற்குள் மூடியைத் தூக்கிவிட்டேன். வெள்ளைப் புகை பொங்கி வழிந்து எங்கள் கால்களை மூடியது. நைட்ரஜன் ரொம்பியிருந்தது. நடுவில் ஒரே ஒரு கம்பி தொங்கியது. கம்பியில் மூன்று குச்சிகள்.

“அது டம்மி. சோதனைக்கு வெச்சது. வெறும் தண்ணி.”

“தண்ணிக்கா கண்ணேறு மணி கட்டுனீங்க?” என்றாள் மைசூன்.

“அத வெளிய எடுக்காத ருதைனா! சூடு படும்!” அந்த அலறலில் அத்தர், இஸ்திரி, டி.வி. எல்லாம் உதிர்ந்துவிட்டது. வெறும் தண்ணீருக்காக எந்த மனிதனும் அப்படி அலறமாட்டான்.

நான் எடுக்கவில்லை. உள்ளே இருப்பது யாருடையதாக இருந்தாலும் அது ஒரு கரு. கண்ணாடியாக, பத்திரமாக இருக்கிற கரு. அதை நான் கொல்லமாட்டேன். மூடியை மெதுவாக மூடினேன்.

எடுக்கத் தேவையும் இல்லை. எங்கள் லேப்பில் இரண்டு குரல் இல்லாமல் ஒரு குச்சிகூட டேங்க் மாறாது. முதல் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

திரும்பினேன். பாசில் சுவரோடு சுவராக நின்றான்.

“எப்ப?” என்று கேட்டேன்.

“பாசில், வீட்டுக்குப் போ” என்றார் ரவூஃப்.

“எப்பன்னு கேட்டேன்.”

“பெருநாளுக்கு முதல் நாள்.” அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நீங்கல்லாம் கிளம்பினப்புறம். ரெண்டாம் டேங்க் வெளிப்பக்கம் வேர்த்திருந்துச்சு ருதைனா. உள்ள இருக்கிற குளிர் வெளிய கசிஞ்சு பனி பூத்திருந்துச்சு. நான் காட்டினேன். ‘எல்லாத்தையும் மாத்தலாம் டாக்டர், ராத்திரி ஆனாலும் பரவால்ல, நான் இருக்கேன்’னேன். ‘ஒண்ணும் ஆகாது, லீவு முடிஞ்சு பாத்துக்கலாம், நோயாளிங்களுக்குத் தெரிஞ்சா பேரு கெடும்’னார். அப்புறம், ‘ஒரு கம்பி மட்டும் மாத்துவோம், சோதனைக்கு’ன்னார். அவர் ஒரு தடவ படிச்சார். நான் ஒரு தடவ படிச்சேன். அப்புறம் நான் கரக்குல இருக்கிற எங்க வீட்டுக்குக் கிளம்பிப் போய்ட்டேன்.”

“ஒரு கம்பி மட்டும்” என்று மைசூன் மெதுவாகத் திரும்பச் சொன்னாள். “என்னோடது பக்கத்துலயே இருந்திருக்கும். கை நீட்டினா எட்டியிருக்கும்.”

“பாசில்! உன் வேலைய நெனச்சுக்கோ!”

“நெனச்சுதான் இவ்வளவு நாள் வாய மூடிட்டு இருந்தேன் டாக்டர்.”

அவன் சுவரைவிட்டு நிமிர்ந்தான். கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு குச்சிக்கும் முன்னால் நாங்கள் எப்படி நிற்போமோ அப்படி. மைசூனைப் பார்த்து, லேப்பில் படிக்கிற அதே உரத்த குரலில், ஒவ்வொரு பெயராகப் படித்தான்.

“பேர், ஹனீன்.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தகப்பன் பேர், ரவூஃப்.”